தைராய்டு மாத்திரை போட்டும் எடை ஏறுகிறதா? புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது மாதம் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, மூணு கிலோ ஏறிடுச்சு. டி.எஸ்.எச். இன்னும் எட்டுலயே நிக்குது. இந்த மாத்திரை போட்டாலே குண்டாயிடும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. நிறுத்திடட்டுமா?"

டி.எஸ்.எச். என்பது தைராய்டு ஹார்மோன் போதுகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்; அது உயர்ந்தால் போதவில்லை என்று பொருள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுகிறாய்?

"நடுவுலயா? காபியிலதான் முழுங்குறேன்."

நான் டாக்டர் இல்லை. ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் இந்தச் சின்ன மாத்திரையை விழுங்குகிறவள், அவ்வளவுதான். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிற பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான் என்பதைப் பார்த்திருக்கிறேன். எடை மெஷினையும் ரத்த ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கு இன்னொன்றைக் காரணமாக்கிவிடுகிறோம். இரண்டும் தனித்தனிக் கணக்கு. முதலில் மாத்திரை உடம்பில் ஒழுங்காகச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரத்தம் சரியான முறையில் எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எடையைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான்.

உங்கள் மாத்திரை எது?

"எனக்குத் தைராய்டு இருக்கு" என்று எல்லோரும் சொல்கிறோம். தைராய்டு எல்லோருக்கும் கழுத்தில் இருக்கிறது. அது குறைவாகச் சுரக்கிறதா, அதிகமாகச் சுரக்கிறதா என்பதுதான் கேள்வி. புட்டியை எடுத்துப் பாருங்கள். லெவோதைராக்ஸின் என்று இருந்தால் (தைரோநார்ம், எல்ட்ராக்ஸின் போன்ற பெயர்களில் வருவது) உங்களுக்குச் சுரப்பு குறைவு. கார்பிமசோல் என்று இருந்தால் (நியோமெர்கசோல் என்ற பெயரில் பலர் வாங்குவது) சுரப்பு அதிகம். இரண்டிலும் எடை ஏறலாம், ஆனால் காரணம் வேறு. பெரும்பாலோர் முதல் வகை என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். கார்பிமசோல்காரர்களுக்குக் கடைசியில் தனியாக வருகிறேன்.

லெவோதைராக்ஸின் என்பது உங்கள் சுரப்பி தானாகத் தயாரித்திருக்க வேண்டிய டி4 ஹார்மோனேதான், தொழிற்சாலையில் செய்தது. இல்லாததை ஈடுகட்டுகிறது. சரியான அளவில் போட்டால் அது யாரையும் குண்டாக்காது. மாத்திரை போடும்போது எடை ஏறினால், பெரும்பாலும் அளவு இன்னும் போதவில்லை, அல்லது மாத்திரை உள்ளே சேரவில்லை, அல்லது தைராய்டுக்குச் சம்பந்தமில்லாத வேறு காரணம்.

போதவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுரப்பி கிட்டத்தட்ட முழுவதுமாக நின்றுபோன ஒருவருக்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ இருப்பவருக்குச் சுமார் 100 மைக்ரோகிராம் என்று வருகிறது. ஆனால் பல டாக்டர்கள் 25 அல்லது 50-இல்தான் ஆரம்பிப்பார்கள். வயதானவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் என்றால் 12.5-இலிருந்துகூட. அப்புறம் ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். முதல் சில மாதங்கள் ஏணியின் கீழ்ப்படியிலேயே நிற்கிறீர்கள். அந்தச் சமயத்தில் எடையும் சோர்வும் அப்படியே இருந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருளில்லை.

மாத்திரையும் முதல் காபியும்

இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் இழுக்கப்போகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பிரச்சினை இங்கேதான்.

லெவோதைராக்ஸின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போனால்தான் நன்றாகச் சேரும். அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. எதுவும் என்றால் காபியும்தான். காபி இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அதில் பாலும் இருந்தால் கால்சியமும் சேர்ந்து தடுக்கிறது. கண் விழித்ததும் டிகாக்ஷன் வாசனைக்கு எழுந்து போகிற ஆளிடம் ஒரு மணி நேரம் பொறு என்றால் கஷ்டம்தான், எனக்கும் தெரியும். நான் கண்ட வழி: மாத்திரைப் புட்டியும் தண்ணீர் பாட்டிலும் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். எழுந்து உட்கார்ந்ததும், பல் தேய்ப்பதற்கும் முன்னால், விழுங்கிவிடுவேன். பிறகு வாசல் தெளித்து, கோலம் போட்டு, குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இன்னும் மோசமான தடை. இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். ரத்தசோகைக்கு இரும்பு, மூட்டுவலிக்குக் கால்சியம், கூடவே தைராய்டு என்று மூன்றையும் காலையில் ஒரே கையில் வைத்து வாயில் போட்டுக்கொள்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! இரும்பையும் கால்சியத்தையும் மதியச் சாப்பாட்டுக்கோ இரவுக்கோ தள்ளிவிடுங்கள். சத்து மாத்திரை என்று போடும் மல்ட்டிவைட்டமினில் இரண்டும் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் ஜெல்லுக்கும் இதே இடைவெளி வேண்டும். பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து போடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு மாத்திரையின் அளவைச் சிலருக்குக் கூட்ட வேண்டிவரும்.

காலையில் முடியவே முடியாது என்றால் இரவில் போடலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், நடுவில் பால், பழம் என்று எதுவும் போயிருக்கக் கூடாது. எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பதினொரு மணிக்குப் படுப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. நோன்பு மாதத்தில் நேரத்தை மாற்ற வேண்டியவர்கள் டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளலாம். காலையோ இரவோ, ஒன்றைப் பிடித்தால் அதையே தொடருங்கள்.

சின்ன விஷயங்கள் சில. இந்த மருந்துக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. ஜன்னல் ஓரம், அடுப்பு மேடை, குளியலறை அலமாரி வேண்டாம். வந்த புட்டியிலேயே மூடி வையுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டியதில்லை, அன்றைக்கே ஞாபகம் வந்தால் வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுவிடலாம். கம்பெனியை மாதத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டாம். கடையில் வேறு கம்பெனி கொடுத்து அதையே தொடர்வதாக இருந்தால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒருமுறை ரத்தம் பார்ப்பது நல்லது.

ரத்தம் கொடுக்கப் போகும் நாள்

அளவை மாற்றிய இரண்டே வாரத்தில் லேபுக்கு ஓடுவது காசுக்குக் கேடு. டி4 உடம்பில் மெதுவாகக் கரைகிற சமாசாரம். பாதி குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் புதிய அளவு ரத்தத்தில் நிலைகொள்ள ஐந்தாறு வாரம் வேண்டும். அதைப் பார்த்து மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தன் டி.எஸ்.எச்.-ஐச் சரிசெய்துகொள்ளவும் நேரம் வேண்டும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரம். நிலைப்பட்ட பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை போதும்.

டி.எஸ்.எச். நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்திருக்கும், பிற்பகலில் இறங்கியிருக்கும். போன முறை காலை ஏழு மணிக்குக் கொடுத்துவிட்டு இந்த முறை மதியம் மூன்று மணிக்குக் கொடுத்தால், இரண்டு எண்களையும் ஒப்பிடுவதில் அர்த்தம் குறைவு. காலையில், ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே லேபில் கொடுங்கள். தைராய்டுக்கு மட்டும் என்றால் பட்டினி கட்டாயமில்லை. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் லேபில் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள்.

அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். விழுங்கிய சில மணி நேரம் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4) கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அதை அளந்துவிட்டால் உங்களுக்கு மருந்து தாராளமாக இருப்பதுபோல் ரிப்போர்ட் காட்டும்.

முடிகொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? தைராய்டு குறைந்தால் முடிகொட்டும், முடிகொட்டினால் பயோட்டின் வாங்குவோம், ஆகவே நம்மில் பாதிப் பேரிடம் அந்த டப்பா இருக்கும். பல லேப்களின் பரிசோதனை முறையில் பயோட்டின் குறுக்கிட்டு டி.எஸ்.எச்.-ஐக் குறைவாகவும் டி4-ஐ அதிகமாகவும் பொய்யாகக் காட்டிவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பாக நிறுத்திவிட்டுப் போங்கள். கடுமையான காய்ச்சலில் படுத்து எழுந்த கையோடும் இந்தப் பரிசோதனை வேண்டாம். பெரிய நோய் வந்தால் எண்கள் தற்காலிகமாகக் குழம்பும்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கே வெட்கம். மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன், வாரத்தில் பாதி நாள் மாத்திரையை விட்டுவிட்டு இருந்தேன். லேபுக்குப் போக வேண்டிய தேதி வந்ததும் அதற்கு முன் ஒரு வாரம் ஒரு நாள்கூட விடாமல் போட்டேன், பரீட்சைக்கு முதல் நாள் படிப்பதுபோல. ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 அழகாக நடுவில் இருந்தது, டி.எஸ்.எச். 14. டாக்டர் தாளைப் பார்த்த மாத்திரத்தில், "கடைசி ஒரு வாரம்தான் ஒழுங்கா போட்டீங்களா?" என்றார். டி4 சில நாளில் ஏறிவிடும், டி.எஸ்.எச். பழைய கணக்கை மறக்க வாரக்கணக்காகும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் தேவையில்லாமல் அளவைக் கூட்டியிருப்பார்.

தாளைப் படிப்பது

புதியவர்களைக் குழப்புவது டி.எஸ்.எச். தலைகீழாக வேலை செய்வதுதான். அது தைராய்டு சுரப்பதல்ல, தைராய்டைப் பார்த்துப் பிட்யூட்டரி போடும் சத்தம். பிள்ளை எழுந்திருக்காவிட்டால் அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போகும் அல்லவா, அப்படி. எனவே டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு ஹார்மோன் போதவில்லை, டி.எஸ்.எச். மிகக் குறைவு என்றால் ஹார்மோன் கூடுதல், மாத்திரை போடுபவர்களுக்கு அளவு அதிகமாகிவிட்டது என்று பெரும்பாலும் பொருள்.

பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு லேபும் தன் கருவிக்கு ஏற்பச் சற்று மாற்றி அச்சிடும், ஆகவே உங்கள் தாளின் ஓரத்தில் இருக்கும் எல்லையைத்தான் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் உயர்ந்திருக்கும். எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு 5 வந்தால் உடனே அளவைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட வேண்டாம்.

போன முறை 2.1, இந்த முறை 3.2. ஏறிவிட்டதே என்று கவலையா? எல்லைக்குள் நடக்கும் இந்த ஆட்டம் இயல்பு. டி4 லேசாகக் குறைந்தாலும் டி.எஸ்.எச். மடங்கு மடங்காக எகிறும். 8 என்பது 4-ஐப் போல இரண்டு பங்கு மோசமான நோய் என்று கணக்குப் போடக் கூடாது.

பேக்கேஜ் என்று எடுத்தால் டி3 (தைராய்டின் இன்னொரு ஹார்மோன்), டி4, டி.எஸ்.எச். மூன்றும் வரும். அந்த டி3, டி4 பெரும்பாலும் மொத்த அளவு, அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருப்பதையும் சேர்த்தது. கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை போடும்போதும் அந்தப் புரதம் கூடுவதால் மொத்த எண் வீங்கித் தெரியும். லெவோதைராக்ஸின் போடுபவருக்கு டி.எஸ்.எச்.-ம் ஃப்ரீ டி4-ம் இருந்தால் போதும். டி.எஸ்.எச். உயர்ந்து ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் அளவு போதவில்லை. டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்து ஃப்ரீ டி4 சரியாக இருந்தால், சற்றே போதவில்லை, அல்லது என் கதைதான்.

ஆன்டி டி.பி.ஓ. என்று ஒன்று 600, 1300 என்றெல்லாம் வந்து பயமுறுத்தும். உடம்பின் எதிர்ப்பு அணுக்களே தைராய்டைத் தாக்குகின்றன என்பதற்கான அடையாளம் அது. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்த நோய். காரணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு தடவை பார்த்தால் போதும். அந்த எண்ணைக் குறைக்கிறேன் என்று மாதாமாதம் காசைக் கொட்ட வேண்டாம், மாத்திரையின் அளவு அதை வைத்து முடிவாவதில்லை.

லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தங்கையின் ஃப்ரீ டி4 "15" என்று இருக்க, உங்களுடையது "1.2" என்று இருந்தால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அங்கே வேறு அலகு. நம் எண்ணைச் சுமார் 13-ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் வரும்.

கர்ப்பம் உறுதியானால் மேலே சொன்ன ஆறு வாரக் கணக்கெல்லாம் செல்லாது. குழந்தைக்கும் சேர்த்து ஹார்மோன் தேவைப்படும் என்பதால் அளவு கூட வேண்டும். மாத்திரையை நிறுத்தாமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது எடை

கேட்க இனிமையாக இருக்காது, ஆனாலும் சொல்கிறேன். தைராய்டு குறைவால் ஏறும் எடை சாதாரணமாக 2 முதல் 4.5 கிலோ வரைதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, உடம்பு பிடித்து வைத்திருக்கும் உப்பும் நீரும். மருந்து பிடித்ததும் முகத்தின் ஊதல் வடியும், மோதிரம் தளரும், மெஷினில் இரண்டு மூன்று கிலோ இறங்கும். பதினைந்து கிலோ ஏறியிருந்தால் அது முழுவதையும் தைராய்டின் கணக்கில் எழுத முடியாது. டி.எஸ்.எச். 5 அல்லது 6 என்று லேசாக மட்டும் உயர்ந்திருந்து மாத்திரை ஆரம்பித்தவர்களுக்கு எடையில் வித்தியாசமே தெரியாமல் போகலாம்.

எடை பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து, சாப்பிடும் முன், அதே மெஷினில். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், கல்யாண வீட்டு ஊறுகாய் அப்பளத்துக்கு மறுநாளும் ஒரு கிலோ கூடக் காட்டும், அது நீர். இடுப்புக்கு ஒரு இன்ச் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் மெஷின் அசையாமல் இருந்தாலும் டேப் அசையும்.

டி.எஸ்.எச். எல்லைக்குள் வந்து இரண்டு மூன்று மாதம் ஆகியும் எடை ஏறிக்கொண்டிருந்தால் தைராய்டை விட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), தூக்கக் குறைவு, மாதவிடாய் நிற்கும் வயது எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அப்புறம் சமையலறை. ஒரு டம்ளர் டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கலோரி. நாளைக்கு மூன்று டம்ளர் என்றால் 120. ஒரு மாதத்தில் 3,600. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அதாவது டீயில் போகும் சர்க்கரை மட்டுமே இரண்டு மாதத்தில் ஒரு கிலோவுக்குச் சமமாகிறது, முறுக்குப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவே இல்லை. தட்டில் சோற்றைக் குறைத்துக் கூட்டையும் பருப்பையும் ஏற்றுவது, நடையோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, இவை எல்லோருக்கும் உள்ள வைத்தியம்தான். தைராய்டுக்கென்று தனி டயட் கிடையாது. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் எல்லாம் வேகவைத்து வழக்கமான அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். அவற்றை வீட்டுக்குள்ளேயே விடாத மாமியார்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்புவார்களா என்பது வேறு கதை.

சித்தி மகள் மாத்திரையின் அளவை மாற்றவில்லை. காபியை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளினாள். எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். 3.1. எடை ஒன்றரை கிலோ இறங்கியிருந்தது. மிச்ச ஒன்றரை கிலோ எங்கே என்று கேட்டாள். அவள் அலுவலக வாசலில் இருக்கும் பஜ்ஜிக் கடையைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

எடை குறையட்டும் என்று தானாகவே இரண்டு மாத்திரையாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும், கூடவே தசையும் கரையும். உடல் பருமனுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் இந்த மருந்தின் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள்.

கார்பிமசோல் போடுபவர்களுக்கு

உங்கள் எடை நோயால் கரைந்தது. மருந்து பிடித்ததும் திரும்பி வருகிறது. அது எதிர்பார்த்ததே. சிக்கல் என்னவென்றால், நோய் இருந்தபோது இரண்டு மடங்கு சாப்பிட்டுப் பழகிய வயிறு உடனே அடங்காது. நோய்க்கு முந்தைய எடையை ஞாபகப்படுத்தி எழுதி வையுங்கள்; அதைத் தாண்டி வேகமாக ஏறினால், மருந்து அதிகமாகிச் சுரப்பு கீழே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு டி.எஸ்.எச். மட்டும் போதாது. உங்களுக்கு அது மாதக்கணக்கில் அமுங்கியே கிடக்கலாம். ஃப்ரீ டி4-ம் டி3-ம் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த மருந்து போடும்போது காய்ச்சலோ, கடுமையான தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போய் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை பாருங்கள். அரிதாக அது அபாயமான அளவுக்குக் குறைந்துவிடும். சாதாரண ஜுரம்தானே என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, மாத்திரையின் அளவு, கம்பெனி, டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, எடை, விட்டுப்போன நாட்கள், புதிதாகச் சேர்ந்த வேறு மாத்திரைகள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தொலைத்துவிட்டு "நார்மல்னுதான் சொன்னாங்க" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். டி.எஸ்.எச். சரியாகியும் சோர்வு போகவில்லை என்றால் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை பார்க்கலாமா என்று கேளுங்கள். கொழுப்பு அதிகம் என்று முன்பு சொல்லியிருந்தால் அதையும் மறுபடி பாருங்கள். தைராய்டு சரியானதும் கெட்ட கொழுப்பு தானாகவே இறங்குவது உண்டு.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாமல் வேகமாக எடை இறங்குவது ஆகியவை அளவு அதிகம் என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு. மற்றபடி, அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியைப் புட்டியின் மூடியிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். தினமும் காலையில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.